முழங்கை மடிப்பில் இரண்டு கொப்புளங்கள்

"என்னம்மா பட்டுச்சு?" என்று கேட்டேன். "மருந்துதான் சிஸ்டர்" என்றாள். நான் சிவப்பு மைப் பேனாவைத் திறந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிஷத்தைத் திருத்துவதற்கு நான்கு நாள் ஆயிற்று.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் என் ஞாபக சக்தியைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "நீங்கள் தப்பே செய்ததில்லையா?" நல்ல கேள்வி. கேட்டவுடன் எனக்குக் கோபம் வந்தது. பிறகு பாண்டியம்மாள் ஞாபகம் வந்தாள். கோபம் போய்விட்டது.

சில வருஷங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்து மூன்றாவது வாரம். திங்கட்கிழமை காலை. நாரணாபுரம் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பத்துக் கட்டில், ஒரு டாக்டர், நான், இரண்டு உதவிப் பெண்கள். பாண்டியம்மாள் ஆமத்தூரிலிருந்து வந்திருந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். இடது கையில் அங்கங்கே கொப்புளம். கழுத்தோரம் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு போட்டதுபோல் இன்னொன்று.

எங்கள் ஊரில் மருந்து என்றால் முதலில் பட்டாசுக்குள் போகும் பொடிதான். மாத்திரை, ஊசி எல்லாம் அதற்கு அப்புறம். அவள் 'மருந்து' என்றதும் நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கட்டுப் போட்டு அனுப்பினேன். ரிஜிஸ்டரில் 'தீக்காயம், வெடிமருந்து' என்று சிவப்பில் எழுதினேன்.

சிவப்பு மை

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தேள்கடி எல்லாம் கறுப்பு மை. தீக்காயம் மட்டும் சிவப்பு. யாரும் சொல்லிக் கொடுத்த வழக்கம் இல்லை, நானே வைத்துக்கொண்டது. ஆரம்பத்தில் ஒரு வசதிக்காகச் செய்தேன். பின்னால் மாதக் கடைசியில் பக்கத்தைப் புரட்டும்போது சிவப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. சிவப்பே இல்லாத பக்கம் அபூர்வம்.

எங்காவது ஒரு கம்பெனியில் வெடித்த சத்தம் கேட்டால் ஜன்னல் கண்ணாடி அதிரும். போன் வரும்வரை நாங்கள் காத்திருக்க மாட்டோம். கட்டில்களைக் காலி செய்வோம், சலைன் பாட்டிலைத் தொங்கவிடுவோம், வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்போம். சத்தத்துக்கும் முதல் வண்டி வருவதற்கும் நடுவில் ஒரு கால் மணி நேரம் இருக்குமே, அதைச் சொல்ல எனக்கு இன்றுவரை வார்த்தை கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் நான் ஜெபம்கூடச் செய்ததில்லை. சும்மா பஞ்சை எண்ணிக்கொண்டு நிற்பேன்.

இப்படியே இருபது வருஷம் ஓடினால் கொப்புளத்தைக் கண்டதும் கை தானாகச் சிவப்புப் பேனாவுக்குப் போகும். மற்ற ஊர் நர்ஸ் என்றால் வெந்நீர் கொட்டிவிட்டதா, எண்ணெய் தெறித்ததா என்று கேட்பாள். நாங்கள் "எந்தக் கம்பெனி?" என்று கேட்போம்.

அன்றைக்கு அந்தக் கேள்விக்கும் வேலை இல்லை. தீபாவளி முடிந்து எல்லாக் கம்பெனியும் மூடிக் கிடந்தது. அவள் கம்பெனி அந்த வெள்ளிக்கிழமைதான் திறக்கப்போகிறது. கம்பெனி மூடியிருக்கும்போது ஒருத்திக்கு வெடிமருந்துக் காயம் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து வெடி சுற்றியிருக்கிறாள்.

அப்படிச் சுற்றி வீட்டோடு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு அவள் மேல் கடுங்கோபம். வெடிமருந்துக் காயம் வந்தால் ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும் என்பது ஆஸ்பத்திரி ஒழுங்கு. வேறு நாளாக இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் மதுரைக்குப் போயிருந்தார். நான் ஒரு சமூகக் கடமையைச் செய்கிற நிமிர்வோடு போனை எடுத்தேன்.

"எழுதிட்டீகளே சிஸ்டர்"

மறுநாள் காலை அவள் வந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சிஸ்டர், நீங்க படிச்சவுக. நான் என்ன செஞ்சேன்னு என் வீட்டுக்குப் போலீசு வந்துச்சு?"

"நீ என்ன செஞ்சேன்னு உனக்குத் தெரியாதா?" என்றேன். என் குரல் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

"தெரு முச்சூடும் வாசல்ல நின்னு பாக்குறாக. அடுப்படியில இருந்த காகிதக் குளாய் மூட்டையைத் தூக்கிட்டுப் போயிட்டாக. அது மருந்து அடைக்காத வெறுங்குளாய் சிஸ்டர். கம்பெனியில கழிச்சுப் போட்டது. அடுப்புப் பத்தவைக்க வச்சிருந்தேன். எம்புட்டுச் சொல்லியும் கேக்கலை."

"மருந்து பட்டுச்சுன்னு நீதானே சொன்னே?"

"நான் நெனச்சதைச் சொன்னேன். வெள்ளிக்கிளமை கம்பெனி தொறக்காகன்னு ஞாயித்துக்கிளமை வேலைச் சேலையை ஊற வச்சுத் தொவைச்சேன். சாயங்காலம் பாத்தா கொப்புளம். சேலையில ஒட்டியிருந்த மருந்துதான் பட்டுருச்சுன்னு நெனச்சேன். கொப்புளம்னா நம்ம ஊருல வேற என்ன சிஸ்டர் இருக்கு?"

அந்தக் கடைசி வார்த்தை என்னைக் குத்தியது. நான் எந்தப் பழக்கத்தில் எழுதினேனோ அதே பழக்கத்தில்தான் அவளும் சொல்லியிருக்கிறாள். நோயாளியும் நர்ஸும் சேர்ந்து ஒரே தப்பைச் செய்திருக்கிறோம். வித்தியாசம் என்னவென்றால் பேனா என் கையில் இருந்தது.

"போர்மேன் ஆள் விட்டுச் சொல்லிட்டாரு. கேஸ் முடியாம கேட்டுப் பக்கம் வராதேன்னு. தொறக்குற அன்னைக்கு உள்ள போகலைன்னா என் எடத்துல வேற ஆளை உக்கார வச்சிருவாக. பதிமூணு வருசமா நான் உக்காந்த எடம் சிஸ்டர். இனி எந்தக் கம்பெனியிலயும் என்னைச் சேக்க மாட்டாக. திருட்டு வெடி சுத்துனவன்னு பேரு வந்தா யாரு சேப்பாக?"

அவள் கணவர் லோடு லாரியோடு வடக்கே போயிருந்தார். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். வெள்ளிக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள்.

பார்த்தும் பார்க்காதது

"கையைக் காட்டு" என்று சொல்லிக் கட்டைப் பிரித்தேன். இந்தத் தடவைதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

வெடிமருந்து சுட்ட கையில் கந்தக வாடை இருக்கும். தோலுக்குள் கறுப்புப் புள்ளி ஏறியிருக்கும். கை ரோமம் பொசுங்கிச் சுருண்டிருக்கும். தொட்டால் துடித்துப்போவார்கள். இவள் கையில் வாடை இல்லை, புள்ளி இல்லை, ரோமம் அப்படியே இருந்தது. "வலிக்குதா?" என்றால், "லேசா காந்துது சிஸ்டர், அம்புட்டுத்தான்" என்றாள். இத்தனையும் திங்கட்கிழமையும் என் கண் முன்னால்தான் இருந்தது. இருபது வருஷ அனுபவம் என்று நான் பீற்றிக்கொண்டிருந்தது இந்த லட்சணத்தில்தான்.

முழங்கை மடிப்பில் இரண்டு கொப்புளங்கள். மடிப்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. "கையை மடக்கு" என்றேன். மடக்கினாள். மேல் கொப்புளம் கீழ்க் கொப்புளத்தின் மேல் அச்சுப் பிசகாமல் போய் உட்கார்ந்தது.

நெருப்பு இப்படிச் சுடாது. ஏதோ ஈரமான ஒன்று ஒரு பக்கம் பட்டிருக்கிறது. கையை மடக்கியபோது மறு பக்கமும் ஒட்டியிருக்கிறது. கழுத்தில் இருந்த கோடு, வியர்வையைத் துடைத்த விரல் போன தடம். துவைத்த சேலையிலிருந்து வந்திருந்தால் கை முழுவதும் நனைந்த இடமெல்லாம் எரிந்திருக்கும். இப்படிச் சொட்டுச் சொட்டாக வராது.

"ஞாயித்துக்கிழமையை விடு. சனிக்கிழமை எங்க இருந்தே?"

"மல்லாங்கிணத்துல எங்க அண்ணன் காட்டுல. பாசிப்பயறு பூத்திருக்கு. இந்த வருசம்தான் மளை நல்லா பேஞ்சிருக்கு. பூ பூரா வண்டு சிஸ்டர். கறுப்பும் ஆரஞ்சுமா பட்டை போட்டுக்கிட்டு உக்காந்து பூவை மொட்டையடிக்கி. எங்க அண்ணன் வாளியில சோப்புத் தண்ணியை வச்சு ஒவ்வொண்ணா உதறி விட்டுக்கிட்டு இருந்தாக. எனக்கு வந்த ஆத்தரத்துல வாளியாவது ஒண்ணாவதுன்னு கையாலயே நசுக்கிட்டேன்."

"எத்தனை நசுக்குனே?"

"எண்ணுனா நசுக்குனேன்? நூறு இருக்கும்."

"உள்ளங்கையில ஒண்ணும் இல்லையே?"

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பதிமூன்று வருஷம் திரி வெட்டிக் காப்புக் காய்த்துப்போன கை. அதில் எந்த விஷமும் ஏறாது.

மதுரையிலிருந்து திரும்பியிருந்த டாக்டரிடம் ஓடினேன். நான் செய்த காரியத்தையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அது திட்டுவதைவிட மோசம். "கொப்புள வண்டுன்னு படிச்சிருக்கேன். நான் பார்த்ததில்லை. படிச்சதை வச்சு நான் ஸ்டேஷன்ல போய்ப் பேச முடியாது. வண்டைக் கொண்டாங்க" என்றார்.

பயற்றங்காட்டில்

புதன்கிழமை லீவு போட்டேன். விருதுநகரில் இறங்கி மல்லாங்கிணறு பஸ் பிடித்தோம். பாண்டியம்மாள் என் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு சீட் தள்ளி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அது வேண்டும்தான்.

காட்டில் மஞ்சள் பூ. அவள் சொன்னது சரி, பூவுக்கு ஒரு வண்டு வீதம் உட்கார்ந்திருந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். கறுப்பு இறக்கையில் ஆரஞ்சுப் பட்டை. கிட்டே போனால் பறந்து ஓட வேண்டும் என்ற எண்ணமே அதற்கு இல்லை. மாப்பிள்ளை வீட்டு ஆள் பந்தியில் உட்கார்ந்தமாதிரி நிதானமாகப் பூவைத் தின்றுகொண்டிருந்தது. எனக்கே நசுக்கத் தோன்றியது.

"பாத்து சிஸ்டர், இந்தச் சனியனுக்குப் பயமே கிடையாது" என்றார் அவள் அண்ணன். வாளியைச் செடிக்குக் கீழே பிடித்து ஒரு தட்டுத் தட்டினார். நாலைந்து வண்டு செத்ததுபோல் காலை மடக்கிக்கொண்டு சோப்புத் தண்ணீரில் விழுந்தன. "மருந்து அடிச்சா தேனீயும் சேந்து சாகும். பெறகு எவன் வந்து காய் பிடிக்க வைப்பான்? அதான் வாளி" என்றார். அவர் கையில் கொப்புளம் இல்லை. தங்கை மட்டும்தான் பொறுமையில்லாதவள் போலிருக்கிறது. எனக்கு அவளைக் கொஞ்சம் பிடித்துப்போனது.

ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் கொண்டுபோயிருந்தேன். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, ஒரு குச்சியால் ஆறு வண்டுகளைத் தள்ளிவிட்டேன். ஏழாவதை உள்ளே தள்ளவில்லை. என் இடது முன்கையில் விட்டேன்.

"என்ன சிஸ்டர் செய்றீக!" என்று கத்தினாள் பாண்டியம்மாள்.

பாட்டில் மூடியால் மெல்ல அழுத்தினேன். அதன் கால் மூட்டிலிருந்து மஞ்சளாக ஒரு துளி கசிந்தது. எண்ணெய் மாதிரி. எரியவில்லை, அரிக்கவில்லை, ஒன்றுமே தெரியவில்லை. அதனால்தான் அவளுக்கும் சனிக்கிழமை எதுவும் தெரியவில்லை என்று அப்போது புரிந்தது.

"தொடச்சிருங்க. ஐயோ, தொடச்சிருங்க சிஸ்டர். உங்களுக்கும் வந்துட்டா?"

"வரணும்டீ. அதுக்குத்தான்."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து இரண்டு கொய்யாப்பழம் எடுத்து ஒன்றை என் மடியில் வைத்தாள்.

வண்டு வீட்டுச் சமாச்சாரம்

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று தொடங்கிய பைத்தியம் எனக்கு இன்னும் தீரவில்லை. பின்னால் வேளாண்மை அலுவலர் ஒருவர் எங்களிடம் ரத்த அழுத்தம் பார்க்க வருவார். அவரைப் பிடித்து வைத்துக்கொண்டு வண்டுக் கதை கேட்பேன். பாவம், அவருக்கு அழுத்தம் ஏறியதற்கு நானும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த வண்டுக் குடும்பம் பெரியது. உலகம் முழுக்கச் சொந்தபந்தம். எல்லார் உடம்பிலும் அந்தக் கொப்புளச் சாறு உண்டு. பெரும்பாலும் ஆண் வண்டுதான் அதைச் சேர்த்து வைக்குமாம். கூடும்போது பெண்ணுக்குக் கொடுத்துவிடுமாம். பெண் அதை முட்டைகளுக்குப் பூசிக் காவல் வைக்கும். "மாப்பிள்ளை வீட்டுச் சீர்" என்றார் அலுவலர். விஷத்தைச் சீராகக் கொடுக்கிற மாப்பிள்ளைகளை நான் மனிதர்களிலேயே பார்த்திருக்கிறேன் என்றேன்.

இன்னொன்று சொன்னார், அதை என்னால் மறக்க முடியவில்லை. வளர்ந்த வண்டுதான் பூவைத் தின்கிறது. நம் பயற்றங்காட்டு வண்டின் குஞ்சுப் புழு மண்ணுக்குள் போய் வெட்டுக்கிளியின் முட்டையைத் தின்கிறதாம். வெட்டுக்கிளி பெருகாமல் பார்த்துக்கொள்வதில் அதற்கும் பங்கு உண்டு. இந்தக் குடும்பத்தில் வேறு சில கிளைகளின் குஞ்சுகள் தேனீயின் முதுகில் தொற்றி ஏறி அதன் கூட்டுக்கே போய் உட்கார்ந்து சாப்பிடுமாம். சின்ன வயதில் உதவி, பெரிய வயதில் உபத்திரவம். பாண்டியம்மாளின் அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அப்ப வளராமலே இருக்கச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார்.

டாக்டர் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். அந்தச் சாற்றை அளந்து நீர்க்கச் செய்து மருவின் மேல் வைத்தால் மரு கொப்பளித்து உதிர்ந்துவிடுமாம். வயிற்றுக்குள் போனால் ஆளே போய்விடுவானாம். அளவு தெரிந்தவன் கையில்தான் அது இருக்க வேண்டும் என்றார். என் சிவப்புப் பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னதாக எனக்குத் தோன்றியது.

கொப்புளத்துக்கு ஸ்தோத்திரம்

புதன்கிழமை சாயங்காலம் கையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சமைக்கும்போது பார்த்தேன், இல்லை. சாப்பிடும்போது பார்த்தேன். லேசாகச் சிவந்ததுபோல் இருந்தது. கொசு கடித்தாலும் அப்படித்தான் இருக்கும்.

என் வீட்டுக்காரர் காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஒரு வருஷம் ஓர் அமாவாசை ஒரு நாள் தள்ளி அச்சாகி, லோடு ஏறுவதற்கு முன்னால் கண்டுபிடித்து, குடும்பத்தோடு போய் உட்கார்ந்து ஒவ்வொரு காலண்டரிலும் சின்னச் சீட்டு ஒட்டிய கதை எங்கள் வீட்டில் உண்டு. பிழை பார்த்துப் பார்த்து அவருக்கு மனைவியும் திருத்த வந்த ஒரு புரூப்தான்.

"எஸ்தர், கையை எத்தனை தடவை பார்ப்பே? முறைச்சா முளைச்சிருமா?" என்றார்.

"வரலைன்னா அந்தப் பொம்பளை கதி?"

"வரும். வரலைன்னா நீ அமாவாசைக்கு ஒட்டுன சீட்டு மாதிரி இதுக்கும் ஒண்ணு ஒட்டிரலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படுக்கப் போகும் முன் முழங்காலில் நின்றேன். என் வாழ்நாளில் எத்தனையோ கொப்புளம் ஆற வேண்டும் என்று ஜெபித்திருக்கிறேன். ஆண்டவரே, ஒரு கொப்புளம் வரச் செய்யும் என்று கேட்டது அன்றைக்குத்தான்.

காலையில் பால்காரர் மணிச் சத்தத்துக்கு எழுந்து ஜன்னல் பக்கம் போய்க் கையை நீட்டினேன். இருந்தது! மொச்சைக் கொட்டை அளவு, தண்ணீர் கோத்துப் பளபளவென்று, வலியில்லாமல், அழகாக. "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார். கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொப்புளத்துக்கு ஸ்தோத்திரம் சொன்ன முதல் ஆள் நீதான் என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன், இரண்டு நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதில் வந்த அழுகை.

ஏட்டையாவின் கை

வியாழக்கிழமை மத்தியானம் டாக்டரின் கடிதம், என் கை, பாண்டியம்மாளின் கை, ஊறுகாய் பாட்டில் நான்கையும் கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் இல்லை. ஏட்டையா இருந்தார். பாண்டியம்மாள் வீட்டுக்கு வந்தவரும் அவர்தான். ஒல்லி ஆள், பெரிய மீசை, முகத்தில் எதையும் நம்பாத ஒரு களை.

எல்லாவற்றையும் கேட்டார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு சொன்னார்: "சிஸ்டர், கோவிச்சுக்கிடாதீக. திங்கக்கிளமை போன்ல வெடின்னு சொன்னதும் நீங்கதான். இன்னைக்கு வண்டுன்னு சொல்றதும் நீங்கதான். உங்க கையை நீங்களே சுட்டுக்கிட்டு வந்தாலும் எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. திங்கட்கிழமை நான் இவ்வளவு சந்தேகப்பட்டிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

"அப்ப உங்க கையைக் குடுங்க" என்றேன்.

எழுத்தர் சிரித்துவிட்டார். ஏட்டையா சிரிக்கவில்லை. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இம்புட்டுக்காணு பூச்சி. இதா?" என்றார். பாண்டியம்மாள் மட்டும், "வேணாம்யா, காந்தும்" என்றாள். தன் வீட்டைச் சோதனை போட்ட ஆளுக்காக அவள் பரிந்து பேசியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு மேஜை மேல் கையை நீட்டினார். ஒரு வண்டை அதன் மேல் விட்டு மூடியால் அழுத்தினேன், அளவு மீறக்கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தபடி ஒரே ஒரு துளிதான். நேரம் பார்த்து எழுத்தர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். "நாளைக்கு வரைக்கும் ஒண்ணும் வரலைன்னா கேஸ் கேஸ்தான், சரியா?" என்றார் ஏட்டையா.

நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை. பாண்டியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், கொப்புளம் இல்லாத கையை.

கேட்

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி வாசலில் மாவிலைத் தோரணம். உடைத்த பூசணிக்காய் சிவப்பாகத் தரையில் கிடந்தது. பருத்திச் சேலை கட்டிய பெண்கள் வரிசையாக நின்றார்கள். காவலாளி ஒவ்வொருவர் பையையும் பார்த்து, செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார். பாண்டியம்மாள் வரிசையில் நிற்கவில்லை. ரோட்டின் இந்தப் பக்கம் புளியமரத்தடியில் தூக்குவாளியோடு நின்றாள். சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

போர்மேன் எங்களைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார். வரிசை குறைந்துகொண்டே வந்தது. பத்துப் பேர், ஆறு பேர், மூன்று பேர். "போதும் சிஸ்டர், நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள். "நில்லுடீ" என்றேன்.

அப்போதுதான் பைக் சத்தம். ஏட்டையா. காக்கி உடுப்பைப் பார்த்ததும் போர்மேன் முகம் வெளுத்துவிட்டது. திறந்த அன்றைக்கே சோதனையா என்று பயந்திருக்க வேண்டும். வேகமாக வந்து, "வாங்க ஏட்டையா, பூசைப் பிரசாதம் சாப்பிட்டீகளா?" என்றார்.

"பிரசாதம் இருக்கட்டும். இங்கன வாங்க போர்மேன். இந்தக் கையைப் பாருங்க."

சட்டைக் கையை மடித்தார். மொச்சைக் கொட்டை அளவு, தண்ணீர் கோத்துப் பளபளவென்று.

"ஐயையோ, என்ன ஏட்டையா, வெடியா?" என்றார் போர்மேன்.

"பாத்தவுடனே வெடின்னுதான் சொல்லுவீகன்னு தெரியும். ஆமா, நேத்து ஸ்டேஷன்ல உக்காந்து வெடி சுத்துனேன். இனி என்னையும் கேட்டுப் பக்கம் வரவேண்டாம்பீகளோ?"

போர்மேனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏட்டையா எங்கள் பக்கம் கையைக் காட்டினார். "அது வண்டுய்யா, வண்டு! பயத்தம்பூ வண்டு. இன்ஸ்பெக்டர் ஐயாகிட்ட எளுதிக் குடுத்துட்டுத்தான் வாரேன். கேஸ் இல்லை. குளாய் மூட்டையை ஸ்டேஷன்ல வந்து வாங்கிக்கிடச் சொல்லுங்க. அந்தப் பிள்ளையை உள்ள விடுங்க."

பாண்டியம்மாள் நின்ற இடத்திலேயே சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். போர்மேன் முகத்தைச் சுளித்தார், தலையைச் சொறிந்தார். கடைசியில், "கட்டுப் போட்ட கையோட மருந்துல உக்கார முடியாது. ஆறுற வரைக்கும் பெட்டி ஒட்டட்டும். அவ எடம் அப்படியே இருக்கும்" என்றார். அதைச் சொல்லிவிட்டு அவருக்கே நிம்மதி வந்ததுபோல் இருந்தது.

அவள் கேட்டைத் தாண்டிப் பத்தடி போனாள். பிறகு திரும்பி ஓடி வந்தாள். காவலாளி, "ஏளா, திறந்த அன்னைக்கே வெளிய வாரே?" என்று சத்தம் போட்டார். அவள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்:

"சிஸ்டர், அந்தச் சிவப்பு எளுத்தை அடிச்சிருவீகள்ல?"

"இப்பவே போய் அடிக்கிறேன்" என்றேன். "நீ என்னை மன்னிச்சிரு பாண்டியம்மா."

"சரி, சரி, போங்க. போயி அடிங்க முதல்ல" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஏட்டையா என் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்கு வந்தார், கட்டுப் போட. வீறாப்பாகக் கையை நீட்டியவர், பஞ்சைத் தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். அவரை அனுப்பிவிட்டு ரிஜிஸ்டரைத் திறந்தேன். திங்கட்கிழமை வரியில் ஒரே கோடு போட்டு அடித்தேன், பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு கறுப்பு மையில் வரிசையாக எழுதினேன். பாண்டியம்மாள், வண்டு. ஏட்டையா, வண்டு. மூன்றாவதாக என் பெயரையும் எழுதி, வண்டு.

எழுதி முடித்துப் பழக்க தோஷத்தில் பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தேன். நான் அடித்த அந்த ஒரு வரியைத் தவிர, அந்த வாரம் முழுவதும் சிவப்பே இல்லை.